போய் உட்கார்ந்துவிட்டு வருவது

ஏழை வீடுகளுக்குப் போய் உதவுகிற எங்கள் புனித வின்சென்ட் தே பவுல் சபையில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் முதல் கூட்டத்திலேயே கேட்பது, "ஐயா, நாம மொத்தம் எத்தனை குடும்பத்துக்குச் செய்றோம்?" என்பதுதான். நோட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். எண்ணிக்கையைக் கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் கழன்றுவிடுகிறார்கள். "இந்த வாரம் நான் யாரோட போகணும்?" என்று கேட்டவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். இது என் கணிப்பு மட்டும்தான். விதிவிலக்குகளையும் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சபையில் நான் சேர்ந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை. இப்போது எண்பதைத் தாண்டியாயிற்று. இடையில் கல்யாணம், பிள்ளைகள், உத்தியோகம், ஓய்வு, பேரப்பிள்ளைகள் என்று எல்லாருக்கும் வருவது எனக்கும் வந்தது. என்னைச் சேர்த்துவிட்டவர் அப்போதைய தலைவர், அப்பாவின் நண்பர். "வாரத்துக்கு ஒரு சாயங்காலம் தர முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். "அதுக்கு மேல தராதே" என்றார். ஆர்வத்தோடு போய் நின்ற பையனிடம் இப்படியா பேசுவது என்று அன்றைக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் போட்ட அந்த வரம்பு இல்லாவிட்டால் மூன்றாவது வருடமே ஓடியிருப்பேன். கூடச் சேர்ந்தவர்களில் வாரம் முழுக்க ஓடியவர்கள் அப்படித்தான் போனார்கள்.

இந்தச் சபையைத் தொடங்கியவர்களும் சாமியார்கள் அல்லர், படித்துக்கொண்டிருந்த பையன்கள். 1832இல் பாரிஸில் காலரா வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த மறுவருடம் அது. அங்கே மாணவர்களின் விவாதக் கூட்டம் ஒன்று நடந்துவந்தது. திருச்சபையின் பழம்பெருமையைப் பேசிய கத்தோலிக்க மாணவர்களைப் பார்த்து, எதிரே இருந்தவர்கள், சரி, இன்றைக்கு ஏழைகளுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். அந்தக் கத்தோலிக்க மாணவர்களில் ஒருவரான பிரெடெரிக் ஓசானாமுக்கு அந்தக் கேள்வி உறைத்தது. 1833 ஏப்ரல் 23ஆம் தேதி ஆறு மாணவர்களும், பத்திரிகை நடத்திவந்த எம்மானுவேல் பாயி என்ற பெரியவரும் கூடினார்கள். ஓசானாமுக்கு அன்றுதான் 20 வயது நிறைந்தது. ஏழை வீடுகளுக்குப் போவது எப்படி என்று இந்தப் பையன்களுக்குத் தெரியாது. ரோசலி ரெந்து என்ற அருட்சகோதரிதான் எந்த வீட்டுக்குப் போக வேண்டும், போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். சபை வரலாறு என்றால் ஓசானாமைத்தான் எல்லாரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் பாதிப் பெருமை அந்த அம்மாவுக்குப் போக வேண்டும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கதை அதற்கும் இருநூறு வருடம் முந்தியது. சபை யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த வின்சென்ட் தே பவுல், 1617இல் பிரான்சில் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் பங்குத்தந்தையாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு உடை உடுத்திக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் விழுந்துகிடக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொன்னார். வின்சென்ட் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். மாலையில் அந்த வீட்டுக்குப் போகலாம் என்று அவர் கிளம்பினால், வழியெல்லாம் ஜனம். ஊரே ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போகிறது. கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வெயில் தாங்காமல் வழியோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். வேறொருவராக இருந்தால் தன் பிரசங்கத்தின் மகிமையை நினைத்துப் பூரித்துப்போயிருப்பார். வின்சென்ட் கவலைப்பட்டார். இவ்வளவையும் இன்றைக்கே கொடுத்தால் பாதி கெட்டுப்போகும், நாளை மறுநாள் அந்தக் குடும்பம் பழையபடி பட்டினி கிடக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த சில நாளிலேயே ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுபோகும்படி ஏற்பாடு செய்தார். அதற்கு எழுத்தில் விதிமுறையும் வகுத்துக்கொடுத்தார். அந்த விதிமுறையில் ஒரு குறிப்பு உண்டு. வீட்டில் வேறு ஆள் இருக்கிற நோயாளியிடம் முதலில் போங்கள், தனியாகக் கிடப்பவரிடம் கடைசியில் போங்கள், அப்போதுதான் அவரோடு அதிக நேரம் இருக்கலாம் என்கிறது அது. வீடு வீடாகப் போய்ப் பழகிய ஒருவருக்குத்தான் இப்படி எழுத வரும்.

கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் பங்கிலும் ஷாத்தியோன் கூத்துதான். ஒரே வீட்டுக்கு மூன்று தரப்பிலிருந்து மூட்டை வரும். பிப்ரவரியில் எட்டிப்பார்க்க ஆள் இருக்காது. அதனால் எங்கள் சபையில் டிசம்பரில் வருகிற பணத்தைப் பிரித்து மாதவாரியாக எடுத்துவைப்போம். துணியோ மளிகையோ கொடுக்க வருகிறவர்களிடம், "உங்க பேரை ஜூன் மாசத்துக்கு எழுதிக்கலாமா?" என்று கேட்டுப் பழகிக்கொண்டோம். சிலர் முகம் சுளிப்பார்கள். பண்டிகைக்குக் கொடுக்கிற சந்தோஷம் ஜூனில் கிடைக்காதே. ஒத்துக்கொண்டவர்கள் மறுவருடமும் ஜூனிலேயே கொடுக்கிறார்கள்.

வீடு சந்திப்புதான் எங்கள் சபையின் உயிர். தனியாகப் போகக் கூடாது, இருவராகப் போக வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்து இருக்கிற வழக்கம். பாதுகாப்பு, பண விவகாரத்தில் ஒரு சாட்சி என்பதெல்லாம் வெளிப்படையான காரணங்கள். போய்ப் பழகினால் இன்னொன்றும் தெரியும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் கேட்கலாம். வெளியே வந்து நடக்கையில், "அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போகலை போலிருக்கே, கவனிச்சீங்களா?" என்பார் கூட வந்தவர். எனக்கு அது கண்ணில் பட்டிருக்காது. திரும்பி வருகிற வழிப்பேச்சில் பிடிபட்ட விஷயங்கள்தான் பிறகு பெரிய உதவிகளாக முடிந்திருக்கின்றன. அதனால் சந்திப்பு முடிந்ததும் ஆளுக்கொரு வண்டியில் ஏறிப் பறக்காதீர்கள். கொஞ்ச தூரமாவது சேர்ந்து நடங்கள்.

உள்ளே போனால் உட்காருங்கள். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ! வாசலில் நின்றபடி பையை நீட்டிவிட்டு, "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டால், சௌக்கியம் என்றுதான் சொல்வார்கள். வேறென்ன சொல்ல முடியும்? நாற்காலி இருந்தால் நாற்காலி, இல்லையென்றால் தரை. தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். அந்த வீட்டில் நீங்கள் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரே பொருள் அதுவாக இருக்கும், அதையும் மறுக்காதீர்கள். கைக்கடிகாரத்தையும் போனையும் பார்க்காதீர்கள். நோட்டை எடுத்து அவர்கள் எதிரிலேயே எழுதாதீர்கள், விசாரணை போலாகிவிடும். முதல் சந்திப்பில் சம்பளம் என்ன, கடன் எவ்வளவு என்று துருவ வேண்டாம். மூன்றாவது நான்காவது தடவையில் அவர்களே சொல்வார்கள். நாம் கொண்டுபோகிற பை உள்ளே நுழைய ஒரு சாக்கு. போய் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் வேலை.

அந்த வீட்டில் வைத்து வாக்குக் கொடுக்காதீர்கள். பையனுக்குப் பீஸ் கட்ட முடியவில்லை என்று ஒரு தாய் அழும்போது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல நாக்கு துடிக்கும். "சபையில பேசிட்டு வந்து சொல்றோம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். கல்நெஞ்சம்போலத் தெரியும். நிறைவேறாத வாக்கைக் கேட்டு நம்பியிருப்பது அதைவிடக் கொடுமை. தவிர, எங்கள் சபையில் பணம் தனி ஆளுடையதாக என்றைக்கும் போகக் கூடாது. இன்னார் கொடுத்தார் என்று ஆகிவிட்டால், அடுத்த தடவை அந்த வீட்டார் இன்னாரைத் தேடி அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவமானம் அவர்களுக்கு, தலைக்கனம் இவருக்கு.

மறை போதிக்கவும் போகக் கூடாது. நாங்கள் போகிற வீடுகளில் பாதி கத்தோலிக்க வீடுகள் அல்ல. தேவை இருக்கிற இடத்துக்குப் போ, மதம் கேட்காதே என்பதுதான் சபையின் சட்டம். ஒரு முஸ்லிம் பாட்டியின் வீட்டுக்கு நெடுநாள் போய்வந்தோம். ஒருநாள் அவரே, "நீங்க உங்க சாமிகிட்ட கேளுங்க, நான் எங்க அல்லாகிட்ட கேக்குறேன், பேத்திக்கு நல்ல இடம் அமையட்டும்" என்றார். ஆளுக்கு அவரவர் முறையில் வேண்டிக்கொண்டோம். பேத்திக்கு இடம் அமைந்தது. யாருடைய மனுவுக்குக் கிடைத்தது என்று நாங்கள் ஆராயவில்லை.

இப்போது ஒரு புது வியாதி, போட்டோ. நன்கொடை தருகிறவர், தான் கொடுத்தது போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரமாகப் படம் கேட்கிறார். அவர் கேட்பதில் கெட்ட எண்ணம் இல்லை, பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்கிறார். கணக்கைக் கொடுங்கள், முகத்தைக் கொடுக்காதீர்கள் என்பேன். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, அந்த வீட்டுப் பிள்ளையின் வகுப்பில் படிக்கிற இன்னொரு பிள்ளையின் போனுக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆகும்? படம் இல்லாவிட்டால் பணம் இல்லை என்று சொன்னவர்களை வணக்கம் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அதனால் சபை மூழ்கிவிடவில்லை.

கணக்கு விஷயத்தில் நான் கொஞ்சம் முரடன். உத்தியோகமே கணக்கு எழுதுவதாக இருந்ததால் வந்த குணம். வரவு செலவு ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்க வாசிக்கப்பட வேண்டும், சின்னத் தொகை என்று விடக் கூடாது. பணம் எடுக்க இரண்டு கையெழுத்து. குடும்பத்தின் பெயர் பொதுக்கணக்கில் வராது, ஒரு எண் மட்டும் இருக்கும். எந்த எண் எந்த வீடு என்பது தலைவருக்கும் செயலருக்கும் அங்கே போகிற இருவருக்கும் தெரிந்தால் போதும். கூட்டம் முடியும்போது ஒரு துணிப்பை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு, இருப்பதைப் போட்டுவிட்டு, கையை எடுக்கலாம். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது, போடாவிட்டாலும் தெரியாது. உலகம் முழுக்க எங்கள் சபைக் கூட்டங்களில் இந்தப் பழக்கம் இருக்கிறது. மாதக் கடைசியில் பையில் காசு இல்லாமல் கூட்டத்துக்கு வரத் தயங்கிய காலத்தில் அந்தத் துணிப்பை என் மானத்தைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில், கூட்டம் எந்த நாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட என் மனைவி மூன்று நிபந்தனை போட்டாள். அந்த ஒரு சாயங்காலத்தை நான் கேட்க மாட்டேன், மற்ற ஆறையும் நீங்கள் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது முதலாவது. சபைக்கு என்று மாதம் ஒரு தொகையை இருவரும் சேர்ந்து முடிவுசெய்வோம், அதற்கு மேல் போவதானால் என்னைக் கேட்க வேண்டும் என்பது இரண்டாவது. அடுத்த வீட்டுக் கஷ்டத்தை என்னிடம் வந்து சொல்லக் கூடாது என்பது மூன்றாவது. மூன்றாவது எனக்கு அப்போது விளங்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சா அந்தம்மாவைக் கோயில்ல பாக்கும்போது என் முகம் மாறிடும்ங்க" என்றாள். அதற்குப் பிறகு சபையில் ரகசியம் காப்பது பற்றி நான் பேச நேர்ந்தபோதெல்லாம் அவள் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறேன். அவள் பெயரைச் சொன்னதில்லை, அவளுக்குப் பிடிக்காது.

ஓசானாமும் குடும்பஸ்தர்தான். 1841இல் அமேலியைக் கல்யாணம் செய்தார், ஒரு பெண் குழந்தை, சோர்போனில் பேராசிரியர் வேலை. 40 வயதில் இறந்துபோனார். 1997இல் பாரிஸில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது எங்கள் வீட்டில் என் மனைவி சொன்னாள், "பொண்டாட்டி பிள்ளைக்குச் சம்பாதிச்சுப் போட்டுக்கிட்டே ஒருத்தர் அந்த இடத்துக்குப் போயிருக்காரே, அதான் எனக்குப் பிடிச்சிருக்கு." எனக்கும் அதுதான் பிடித்தது.

அம்மா படுத்த படுக்கையாகிவிட்ட வருடங்களில் நான் சந்திப்புக்குப் போகவில்லை. கூட்டத்துக்கும் அரைகுறையாகத்தான் போனேன். விலகிக்கொள்கிறேன் என்று தலைவரிடம் சொல்லப் போனேன். "உன் வீட்டுல ஒரு நோயாளி இருக்கு. உன்னையும் உன் சம்சாரத்தையும் ஜோடியா அந்த வீட்டுக்குப் போட்டிருக்கேன். வாராவாரம் அறிக்கை குடு, போ" என்றார் அவர். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, உண்மையிலேயே அறிக்கை கேட்டார். அம்மாவின் படுக்கைப் புண், தூக்கம், பேச்சு எல்லாவற்றையும் கூட்டத்தில் நான் சொல்ல, மற்றவர்கள் கேட்டார்கள். சிலர் முறை வைத்து வந்து அம்மாவோடு இருந்தார்கள், நாங்கள் இருவரும் கொஞ்சம் வெளியே போய்வந்தோம். சேவையில் இருப்பவர்களின் சொந்த வீட்டில் நோய் வந்தால் அவர்களைக் கழற்றிவிடாதீர்கள், அந்த வீட்டைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை இதில் இழுக்க நான் முயன்றதில்லை. மூவரில் ஒருத்தி மட்டும் தானாக வந்தாள். மகன் ஒருவனுக்குக் கோயிலே ஒத்துவரவில்லை, ஆனால் வருடம் தவறாமல் ரத்தம் கொடுக்கிறான். வாதாடி யாரையும் மாற்றியதாக எனக்கு நினைவில்லை.

விசுவாசத்தைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்குத் தரிசனம் எதுவும் கிடைத்ததில்லை. செபம் பல வருடங்கள் காய்ந்தே கிடந்தது. வாயால் சொல்வேன், மனம் அலுவலகக் கணக்கில் இருக்கும். அந்த நாட்களில் என்னைப் பிடித்துவைத்திருந்தது, கூட்டத் தொடக்கத்தில் எல்லாருமாகச் சேர்ந்து சொல்கிற அதே செபமும், அடுத்த வாரம் நான் வருவேன் என்று காத்திருந்த வீடுகளும்தான். சபை தொடங்கிய அந்த மாணவர்களும் தங்கள் விசுவாசம் கரைந்துபோகாமல் காத்துக்கொள்ளத்தான் முதலில் கூடினார்கள். ஏழைகளைச் சந்திப்பது அதற்கு அவர்கள் கண்ட வழி. இதை மறந்தால் நாம்தான் அவர்களைத் தாங்குகிறோம் என்ற நினைப்பு வந்துவிடும். கணவன் இறந்த வீட்டில் நான் ஆறுதல் சொல்லத் தெரியாமல் விழித்தபோது, அந்தப் பெண்ணே, "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் அண்ணே, சும்மா இருங்க, போதும்" என்று என்னைத் தேற்றியிருக்கிறார்.

தலைவர் பதவி எனக்கும் வந்தது. ஆறு வருடத்துக்கு மேல் ஒருவரே இருக்கக் கூடாது என்று எங்கள் சட்டத்தில் இருக்கிறது. யார் எழுதினாரோ, மனிதர்களை நன்றாக அறிந்தவர். மூன்றாவது வருடம் முடியும்போதே அடுத்தவரைத் தேடத் தொடங்கினேன். அவரை எல்லாக் கையெழுத்துக்கும் கூட அழைத்துப்போனேன். இறங்கிய பிறகு ஒரு வருடம் கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. புதுத் தலைவர் சில காரியங்களை என்னைவிட மோசமாகவும், சிலவற்றை என்னைவிட நன்றாகவும் செய்தார். நன்றாகச் செய்தவற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். பழைய தலைவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தால் சபை கெட்டுவிடும். ஆனால் விலகி வீட்டிலும் உட்கார வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்கும் வேலை உண்டு. நான் இப்போது போனில் பேசுகிறேன். பகலில் வீட்டில் தனியாக இருக்கிற சிலரை முறைவைத்துக் கூப்பிட்டுப் பேசுவது என் பொறுப்பு.

மனைவி போன பிறகு என் வீடும் பட்டியலில் ஏறிவிட்டது. இத்தனை காலம் போய் உட்கார்ந்தவன், வந்து உட்காருகிறவர்களுக்கு நாற்காலி போடுகிறேன். இது லேசாக வரவில்லை. முதல் சில வாரங்கள் அவர்களுக்குப் பாடம் எடுத்தேன், சபை வரலாறு சொன்னேன், நோட்டை வாங்கித் திருத்தினேன். நான் நோயாளி இல்லை என்று காட்டிக்கொள்வதற்குத்தான் அத்தனையும். வருகிற இருவரில் ஒரு பெண் ஒருநாள், "தாத்தா, நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அதன் பிறகு ஒழுங்காகப் பதில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். உதவி செய்பவர்கள் எல்லாரும் வாங்கிக்கொள்ளவும் பழக வேண்டும். எழுபதிலேயே தொடங்கினால் நல்லது, எண்பதில் உடம்பு வளையாது.

என்னிடம் வருகிற அந்த இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆபீஸ் முடிந்து, முதலில் தெருக்கோடியில் இருக்கிற பாட்டி வீட்டுக்குப் போய்விட்டு என் வீட்டுக்குக் கடைசியாக வந்துகொண்டிருந்தார்கள். நானும் அவர்கள் வந்தால் பேசிப் பேசி நேரத்தை நீட்டுவேன். மாற்றச் சொல்லிவிட்டேன். எனக்கு மருமகள் இருக்கிறாள், பேரன் பள்ளியிலிருந்து வந்து சத்தம் போடுகிறான். அந்தப் பாட்டிக்கு ஒருவரும் இல்லை. இப்போது முதலில் என் வீடு, கடைசியில் அவர் வீடு. சில வாரம் நேரமாகிவிட்டால் நானே அவர்களை விரட்டிவிடுகிறேன்.